யாருடைய நாலு? மெயின்பிரேமில் முரண்படும் ரிட்டர்ன் கோட்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

"அண்ணை, நாலு வந்திருக்கு."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து ஒரு தம்பி இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்தான். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. மெயின்பிரேம், அதாவது பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பெரிய கணினி, பழகத் தொடங்கி ஏழெட்டு வாரம்தான் இருக்கும்.

"ஆருடைய நாலு?" என்று கேட்டேன்.

"நாலு எண்டா நாலுதானே அண்ணை? வார்னிங்."

அவன் சொன்ன நாலு ஒரு ரிட்டர்ன் கோட், அதாவது கேட்ட வேலை எப்படி முடிந்தது என்று திரும்பி வரும் எண். புதிதாக வருகிற எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நாலு என்றால் எச்சரிக்கை, எட்டு என்றால் பிழை, பன்னிரண்டு என்றால் பெரும் பிழை என்று ஆரம்பத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. கம்பைலருக்கும் அசெம்பிளருக்கும் அது ஓரளவு பொருந்தும். சப்சிஸ்டங்களோடு கதைக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒரே அழைப்புக்கு இரண்டு கோட் வரும், சில வேளை மூன்றும் வரும். ஒன்று எல்லாம் சரி என்னும், மற்றது முடியாது என்னும். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதில். யார் சொன்னது என்று பிரித்துவிட்டால் பெரும்பாலான முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும். கொக்குவிலில் என் வீட்டு மேசையில் இருந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இசட்/ஓஎஸ் (ஐபிஎம் மெயின்பிரேமின் இயங்குதளம்) இயந்திரத்தை இரவு ஷிப்டில் பார்க்கிறேன். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழகுவதற்கு இடம்

இதற்கென்று பெரிய இயந்திரம் தேவையில்லை. ரோஜர் பவ்லர் 1999இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் (மெயின்பிரேம் போல நடிக்கும் மென்பொருள்) சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதற்குள் எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயங்குதளத்தைப் போட்டுப் பழகலாம். டிகே5 என்று ஆயத்தமாகக் கட்டி வைத்த தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. உண்மையான இசட்/ஓஎஸ் பார்க்க வேண்டுமென்றால் ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் பயிற்சித் தளத்தில் பதியலாம், அதுவும் இலவசம். ஆனால் ஆப்பரேட்டர் கட்டளைகளை எல்லாம் அங்கே உங்கள் கையில் தரமாட்டார்கள். எமுலேட்டரில் நீங்களே ஆப்பரேட்டர், நீங்களே சிஸ்டம் புரோகிராமர். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் தீர்ந்து, எமுலேட்டர் பாதியில் நின்றால் டிஸ்க் கோப்புகள் பழுதாகலாம். வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கோப்புறையை அப்படியே நகல் எடுத்து வையுங்கள்.

கோரிக்கை எவ்வளவு தூரம் போனது?

சப்சிஸ்டம் என்றால், ஜொப்களையும் (இயந்திரத்துக்குக் கொடுக்கும் வேலைகள்) அவற்றின் அவுட்புட்டையும் கவனிக்கும் ஜெஸ்2, தரவுத்தளமான டிபி2 மாதிரி, இயங்குதளத்தோடு சேர்ந்து நின்று குறிப்பிட்ட வேலையைப் பார்க்கும் பகுதி. உங்கள் நிரல் அதனிடம் நேரே போவதில்லை. நடுவில் சப்சிஸ்டம் இன்டர்பேஸ் நிற்கிறது, எஸ்எஸ்ஐ என்பார்கள். நீங்கள் இரண்டு படிவம் நிரப்புகிறீர்கள். எஸ்எஸ்ஓபி என்ற படிவத்தில் என்ன வேலை வேண்டும் என்பதற்கான செயல்பாட்டு எண் இருக்கும். எஸ்எஸ்ஐபி என்ற படிவத்தில் எந்தச் சப்சிஸ்டம் என்று நாலு எழுத்துப் பெயர் இருக்கும். இரண்டாவதை நீங்கள் கொடுக்காவிட்டால் ஜொப் தொடங்கியபோது உருவானதைச் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஐஇஎஃப்எஸ்எஸ்ரெக் என்ற மேக்ரோவால் (பல கட்டளைகளுக்கு வைத்த ஒரு பெயர்) அழைக்கிறீர்கள்.

திரும்பி வரும்போது 15ஆம் ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள் எண் வைக்கும் சின்ன இடம்) ஓர் எண் இருக்கும். அது எஸ்எஸ்ஐ சொல்வது. எஸ்எஸ்ஓபிக்குள்ளேயே எஸ்எஸ்ஓபிரெட்ன் என்ற இடத்தில் இன்னோர் எண் இருக்கும். அது சப்சிஸ்டம் சொல்வது.

ஒரு பத்திரம் எடுக்கக் கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகம்) போகிறீர்கள் என்று வையுங்கள். வாசலில் இருக்கிறவர் சொல்வது ஒன்று, உள்ளே மேசையில் இருக்கும் உத்தியோகத்தர் சொல்வது இன்னொன்று. வாசலில் "போங்கோ" என்று விட்டதால் பத்திரம் கிடைத்துவிட்டது என்று யாரும் வீட்டுக்குத் திரும்பமாட்டோம். ஆனால் 15ஆம் ரெஜிஸ்டரில் பூச்சியத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுதி வைத்த நிரல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வாசலில் வரும் பதில்களை வரிசையாக நடந்து பார்ப்போம். 24 என்றால் எஸ்எஸ்ஐயே இன்னும் தயாராகவில்லை, கச்சேரியின் கேட் திறக்கவில்லை. 20 என்றால் நீங்கள் கொண்டுவந்த படிவமே பிழை. எஸ்எஸ்ஓபி அல்லது எஸ்எஸ்ஐபியின் நீளமோ வடிவமோ சரியில்லை. 12 என்றால் அந்தப் பெயரில் இங்கே ஒரு பிரிவும் இல்லை. எஸ்எஸ்சிவிடி என்ற கட்டங்கள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சப்சிஸ்டத்தின் பெயர். எஸ்எஸ்ஐ அந்தச் சங்கிலி முழுவதும் தேடிப் பார்த்து, உங்கள் நாலு எழுத்தைக் காணவில்லை. 8 என்றால் பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அதோடு எஸ்எஸ்விடி என்ற அட்டவணை இணைக்கப்படவில்லை. பிரிவு உண்டு, அறை பூட்டியிருக்கிறது. 4 என்றால் அறை திறந்திருக்கிறது, அட்டவணையும் உண்டு. அதில் 256 பைட் கொண்ட ஒரு பகுதியில் உங்கள் செயல்பாட்டு எண்ணுக்கு உரிய இடத்தில் பூச்சியம் இருக்கிறது. அதாவது இந்த அறையில் இந்த வேலை பார்ப்பதில்லை. 0 என்றால் உள்ளே போய்விட்டீர்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 24, 20, 12, 8, 4, 0. எண் குறையக் குறையக் கோரிக்கை கூடுதல் தூரம் போயிருக்கிறது. அந்த எண்களைப் பிழையின் கடுமையாகப் பார்க்காமல், எந்த வாசலில் நின்றுபோனது என்று பாருங்கள். 12 வந்தால் பெயரில் எழுத்துப் பிழையா என்று பாருங்கள். 8 வந்தால் பெயரைத் தொடாதீர்கள், அது சரி. சப்சிஸ்டம் எழும்பிவிட்டதா என்று பாருங்கள். 4 வந்தால் சப்சிஸ்டம் நலமாக இருக்கிறது. செயல்பாட்டு எண்ணைப் பாருங்கள். இந்த வரிசையில் சேராதது 16 மட்டும்தான். வேலை முடியாமல் நடுவில் ஏதோ மோசமாக நடந்துவிட்டது என்பது அதன் பொருள். அது வந்தால் ஊகிக்க வேண்டாம், நேரே சிஸ்டம் லொக்கையும் (நடந்தவற்றின் பதிவு) டம்பையும் (விழுந்த நேரத்து நினைவக நகல்) தேடுங்கள்.

(ஏன் எல்லாம் நாலு நாலாகப் போகிறது என்று கேட்பார்கள். அசெம்பிளரில் ஒரு பிராஞ்ச் கட்டளை நாலு பைட். ரிட்டர்ன் கோட்டை அப்படியே ஒரு பிராஞ்ச் அட்டவணையின் தொடக்கத்தோடு கூட்டிக் குதித்தால் சரியான வரிக்குப் போய்ச் சேரும். அந்த வசதி வழக்கமாகி நின்றுவிட்டது.)

மூன்று இரவு தின்ற ஒரு நாலு

இப்போது மேசைக்கு வருவோம். எஸ்எஸ்ஓபிரெட்ன் என்ன சொல்கிறது என்பது செயல்பாட்டுக்குச் செயல்பாடு மாறும். வாசலுக்கு ஒரே அகராதி, மேசைக்கு மேசை வேறு அகராதி.

ஜெஸ்சில் கிடக்கும் அவுட்புட்டை நிரல் ஒன்று எடுத்துப் போக 79 என்ற செயல்பாடு இருக்கிறது. அதில் எஸ்எஸ்ஓபிரெட்ன் 4 என்றால் எடுக்க இனி ஒன்றும் இல்லை என்று பொருள். பிழையே இல்லை, சுழலை முடித்துக்கொண்டு போகலாம். அதே அழைப்பில் 15ஆம் ரெஜிஸ்டர் 4 என்றால் அந்தச் செயல்பாடே இங்கே கிடையாது. ஒரே நாலு. ஒன்று நல்லபடியாக முடிந்தது, மற்றது தொடங்கவே இல்லை. எட்டும் அப்படித்தான்: வாசல் எட்டு சப்சிஸ்டம் எழும்பவில்லை என்கிறது, 79இன் மேசை எட்டு நீங்கள் கொடுத்த தேர்வு விவரம் பிழை என்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் இருந்த ஒரு நிரல், அவுட்புட் எடுக்காமல் "ஆர்சி=4" என்று மட்டும் எழுதிவிட்டு நின்றது. அதற்கு முந்தின வாரம் சிஸ்டத்தைப் புதுப்பித்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்த குழு, புதுப்பிப்பில் 79 உடைந்துவிட்டது என்று நின்றது. நானும் அதை நம்பித்தான் முதல் இரண்டு இரவும் ஜெஸ்2இன் அமைப்புகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் இரவு நிரலைத் திறந்து பார்த்தேன். அழைப்பு முடிந்ததும் 15ஆம் ரெஜிஸ்டர் பூச்சியமா என்று பார்க்கிறது. இல்லையென்றால் செய்தி எழுதும் இடத்துக்குக் குதிக்கிறது. பூச்சியம் என்றால் எஸ்எஸ்ஓபிரெட்ன்னை எடுத்து அதே 15ஆம் ரெஜிஸ்டரில் போட்டு, அதே செய்தி எழுதும் இடத்துக்கே குதிக்கிறது. இரண்டு ஆட்களின் பதிலும் ஒரே வாயால் வெளியே வருகிறது. உண்மையில் வந்தது மேசை நாலு. அவுட்புட் கிளாஸ் (அவுட்புட்டை வகை பிரிக்கும் ஓர் எழுத்து) ஒன்றை யாரோ மாற்றியிருந்தார்கள், நிரல் காலியான கிளாசில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தை மாற்றியதும் ஓடியது.

நிரலில் செய்ய வேண்டியது

அழைப்பு திரும்பிய அடுத்த கட்டளையே 15ஆம் ரெஜிஸ்டரை ஓர் இடத்தில் சேமிப்பதாக இருக்கட்டும். இடையில் ஒரு செய்தி எழுதினாலோ நினைவகம் எடுத்தாலோ விடுவித்தாலோ அந்த மேக்ரோவும் தன் ரிட்டர்ன் கோட்டை 15இலேயே போடும். பழைய எண் போய்விடும். முரண்பாடு என்று நாங்கள் துரத்தியவற்றில் சில, செய்தி எழுதிய மேக்ரோவின் பூச்சியமாக முடிந்திருக்கின்றன.

அழைப்புக்கு முன் எஸ்எஸ்ஓபிரெட்ன்னில் மைனஸ் 1 போட்டு வையுங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் மேசையில் யாரும் எதுவும் எழுதமாட்டார்கள், அங்கே முதலில் இருந்ததுதான் இருக்கும். பூச்சியத்தை வைத்து அழைத்தால், வாசல் 12 சொல்லும், மேசை 0 சொல்வது போலத் தெரியும். அந்த 0 யாரும் சொன்னதல்ல, நீங்கள் வைத்தது. 15 பூச்சியமாக இருந்தால் மட்டுமே எஸ்எஸ்ஓபிரெட்ன்னைப் படியுங்கள்.

செய்தியில் இரண்டையும் தனித்தனிப் பெயரோடு எழுதுங்கள். கூடவே செயல்பாட்டு எண், சப்சிஸ்டத்தின் பெயர், நேரம். சில செயல்பாடுகளுக்கு மூன்றாவது அடுக்கும் உண்டு. ஜொப்களின் நிலையைக் கேட்கும் 80இல் ஸ்டாட்ரியாஸ் என்ற காரணக் கோட் தனியாக வரும். எஸ்எஸ்ஓபிரெட்ன் பூச்சியம் இல்லையென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

எண் ஹெக்சா (16ஐ அடியாகக் கொண்டது) டெசிமலா (வழக்கமான பத்தடி எண்) என்பதையும் செய்தியிலேயே காட்டுங்கள். டேட்டாசெட்டை (மெயின்பிரேமில் கோப்புக்குப் பெயர்) நிரல் ஓடும்போதே ஒதுக்கும் எஸ்விசி 99 என்ற அழைப்பில் ஹெக்ஸ் 0210 வந்தால், அந்த டேட்டாசெட்டை இன்னொரு ஜொப் பிடித்து வைத்திருக்கிறது. அதை டெசிமலில் எழுதினால் 528. கைநூலில் 528ஐத் தேடி ஒரு பிள்ளை ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தாள். 5896 என்று வந்தால் அது ஹெக்ஸ் 1708, கேட்டலொக்கில் (டேட்டாசெட் பெயர்களின் பட்டியல்) அந்தப் பெயர் இல்லை.

நேரத்தால் வரும் முரண்

இரண்டு ஜொப், ஒரே நிரல், ஒரே கோரிக்கை. ஒன்றுக்கு 8, மற்றதற்கு 0. முதலில் நேரத்தைப் பாருங்கள். சப்சிஸ்டத்தை நிறுத்தித் திரும்ப எழுப்பியிருந்தால் இடையில் போனவருக்கு அறை பூட்டியிருக்கும். இசட்/ஓஎஸ்சில் "டிஸ்ப்ளே எஸ்எஸ்ஐ" கட்டளை எந்தச் சப்சிஸ்டம் இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று காட்டும். ஆனால் அது கட்டளை போட்ட நேரத்து நிலை. ஜொப் விழுந்த நேரத்து நிலைக்குச் சிஸ்டம் லொக்கில்தான் தேட வேண்டும்.

வாசலும் மேசையும் எங்கும் உண்டு

இந்த அமைப்பு எஸ்எஸ்ஐயோடு நிற்பதில்லை. பாதுகாப்பைக் கேட்கும்போது எஸ்ஏஎஃப் (சிஸ்டத்தின் பாதுகாப்பு இடைமுகம்) வாசல், ராக்எஃப் (அனுமதி விதிகளை வைத்திருக்கும் மென்பொருள்) மேசை. எஸ்ஏஎஃப் 8, ராக்எஃப் 8 என்றால் அனுமதி இல்லை, தெளிவு. எஸ்ஏஎஃப் 4, ராக்எஃப் 4 என்றால்தான் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். அந்தப் பொருளைக் காக்க விதி எதுவும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டவரே முடிவெடுக்க வேண்டும். டேட்டாசெட் திறக்கும்போது, ப்ரொடெக்ட்ஆல் என்ற அமைப்பு இயங்காவிட்டால், உள்ளே விட்டுவிடுவார்கள். சிஐசிஎஸ் (பயனர் கேட்பதை உடனுக்குடன் நடத்தும் மென்பொருள்) ட்ரான்ஸாக்ஷனுக்கு விதி இல்லையென்றால் சிஐசிஎஸ் மறுத்துவிடும். ஒரே கோட், இரண்டு முடிவு. ராக்எஃப் பிழை என்று டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சில முரண்பாடுகள் வெறும் மொழி வேறுபாடு. தேடிய ரெக்கோர்ட் இல்லை என்ற ஒரே சங்கதியை விசாம் (ரெக்கோர்ட்களை வைத்து எடுக்கும் கோப்பு முறை) 8 என்றும் கூடவே பீட்பேக் 16 என்றும் சொல்லும். கோபோல் அதை ஃபைல் ஸ்டேட்டஸ் 23 என்று சொல்லும். சிஐசிஎஸ்சில் ரெஸ்ப் 13. டிபி2இல் வரிசை கிடைக்காவிட்டால் எஸ்க்யூஎல்கோட் பிளஸ் 100. நாலு குழு நாலு எண்ணோடு கூட்டத்துக்கு வந்தால், எண்களை ஒதுக்கிவிட்டு என்ன நடந்தது என்று ஒரு வசனத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

இசட்/ஓஎஸ்சுக்குள் இருக்கும் யுனிக்ஸ் சர்வீசஸ் பக்கம் மூன்று சேர்ந்து வரும்: மதிப்பு மைனஸ் 1, பிறகு ரிட்டர்ன் கோட், பிறகு ரீசன் கோட். அந்த நீளமான ரீசன் கோட்டைப் பிபிஎக்ஸ்எம்டெக்ஸ்ட் கட்டளைக்குக் கொடுத்தால் விளக்கம் சொல்லும்.

ஜேசிஎல்லில் தெரிவது கடைசிப் பதில் மட்டும்

ஜேசிஎல் என்பது ஜொப்பை எழுதும் மொழி, ஸ்டெப் என்பது அந்த ஜொப்பின் ஒரு படி. ஒரு ஸ்டெப் முடிந்ததும் தெரியும் கண்டிஷன் கோட், நிரல் முடியும்போது 15இல் விட்டுச் சென்ற எண்ணின் கடைசி 12 பிட் மட்டுமே. அதனால் 0 முதல் 4095 வரைதான் தெரியும். நிரல் 4096 என்று விட்டால் ஜொப் லொக்கில் 0000 என்று பளிச்சென்று நிற்கும். அடுத்த ஸ்டெப் எல்லாம் சரி என்று ஓடும். உங்கள் சொந்த நிரல் செய்தியில் பிழை என்கிறது, ஜேசிஎல் பூச்சியம் என்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பிபிஎக்ஸ்பேட்ச் மூலம் ஷெல் ஸ்கிரிப்ட் ஓட்டினால் ஸ்கிரிப்ட் 1 என்று வெளியேறும், ஜேசிஎல்லில் 0256 தெரியும். வெளியேறும் எண்ணை 256ஆல் பெருக்கிக் கொடுப்பது அதன் வழக்கம். கோண்ட் என்ற பழைய நிபந்தனை, உண்மையானால் ஸ்டெப்பைத் தவிர்க்கும். புதியவர்கள் அதைத் தலைகீழாகப் படிப்பார்கள். இஃப், தென் எழுதிப் பழகுங்கள்.

முதல் பயிற்சி

எமுலேட்டரில் ஒரு சின்ன அசெம்பிளர் நிரல் எழுதுங்கள். எஸ்எஸ்ஐபியில் சப்சிஸ்டத்தின் பெயராக "யார்ல்" என்று ஆங்கில எழுத்து நாலில் போடுங்கள். அப்படியொரு சப்சிஸ்டம் இல்லை. எஸ்எஸ்ஓபிரெட்ன்னில் மைனஸ் 1 வைத்து அழையுங்கள். 15இல் 12 வர வேண்டும், மைனஸ் 1 அசையாமல் இருக்க வேண்டும். 20 வந்தால் படிவத்தின் நீளங்களைத் திரும்பப் பாருங்கள்.

தொடக்கத்தில் சொன்ன தம்பிக்கும் இதைத்தான் கொடுத்தேன். அவனுடைய நாலுக்கு வருவோம். சப்சிஸ்டத்தின் பதிப்பு விவரம் கேட்கும் 54ஆம் செயல்பாட்டைப் புதிய இசட்/ஓஎஸ் கைநூலில் பார்த்து, அதைப் பழைய எம்விஎஸ் 3.8இன் ஜெஸ்2இடம் கேட்டிருக்கிறான். அந்தக் காலத்து ஜெஸ்2க்கு 54 தெரியாது. நிரல் வாசல் எண்ணையும் மேசை எண்ணையும் ஒரே வரியில் கலந்து எழுதியதால் எது எதென்று அவனுக்கு விளங்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஸ்க்ரீனில் ஒரே வரி: "எஸ்எஸ்ஐ 4, ஜெஸ்2 மைனஸ் 1, செயல்பாடு 54." கீழே அவன் எழுதியிருந்தான்: "வாசலிலயே மறிச்சிட்டினம் அண்ணை."